அந்தோணி எஸ்தாக்கி கஸ்பார் என்று ஒருவர் இல்லை

எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது மணி அ. பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் பொங்கலுக்கு வந்தபோது ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி வந்தான். ஒன்று, இரண்டு என்று வழக்கமான எண்களைப் போடாமல் க, உ என்று எழுத்து மாதிரியே இருக்கும் பழைய தமிழ் எண்களைப் போட்ட கடிகாரம். இப்போது அதுதான் நாகரிகமாம். "இதுல மணி பாக்கணும்னா நான் திரும்ப ஒண்ணாப்புல போயில்லா சேரணும்" என்று என் மனைவி அலுத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முள்ளைத் திருத்த ஸ்டூலில் ஏறியவன், பத்து இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தேன். ய என்ற எழுத்து வாலை முறுக்கிக்கொண்டு நிற்பது போல ஒரு வடிவம். அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமில்லை, என் கையாலேயே ஒரு நோட்டில் வரைந்து, பக்கத்தில் 'பூ வேலை' என்று குறித்தும் வைத்திருக்கிறேன்.

இறங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்த மனைவி ஒரு துண்டு கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டாள். பிறகு என்ன, கருப்பட்டி போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிட்டது. சுண்ணாம்பை அரைக்கும்போது கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் ஊற்றுவார்கள் என்று நான் டிப்ளமாவில் படித்தது இரண்டு மதிப்பெண் கேள்விக்காக. அது நிஜம்தானா என்று தெரிந்துகொள்ள, தாமிரபரணிக் கரையில் இடிந்துகிடந்த ஒரு மாதா கோயில் சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்த மேதை நான். இனிக்கவில்லை. வௌவால் புழுக்கைதான் கரித்தது. கோயிலைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்ற அருளாயி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துநாலு வயது. பாளையங்கோட்டையில் ஒரு பொறியாளரிடம் படம் வரையும் வேலை. அந்த அலுவலகத்தில் எப்போதும் அம்மோனியா நெடி. வரைபடத்தை நகலெடுக்கும் அறையிலிருந்து வரும். வெளியாட்கள் மூக்கைப் பிடிப்பார்கள். எனக்கோ அது சந்தனம். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஜங்ஷனில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் என்னை இன்ஜினியர் என்றே நினைப்பதாக ஒரு நினைப்பு. அவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் வெள்ளை அங்கியோடு ஒரு பங்குச்சாமியார் வந்தார். ஸ்ரீவைகுண்டம் போகும் வழியில் ஆற்றை ஒட்டிய ஊர். ஊரின் பெயர் வேண்டாம், அந்த ஊர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. சாமியார் நேரடியாக விஷயத்துக்கு வந்தார்.

"பழைய கோயில் ஒண்ணு கெடக்கு. தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல தண்ணி உள்ள ஏறி வடக்குச் சுவரு பொளந்துட்டு. பூசையெல்லாம் புதுக்கோயிலுக்குப் போயாச்சு. அந்த எடத்துல கல்யாண மண்டபம் கட்டணும்னு ஊர்ல நிக்காவ. எனக்கு ஒண்ணுதாம் தெரியணும். அது எவ்வளவு பழசு? எங்கயாவது ஒரு வருசம் எழுதியிருந்தா எனக்கு எழுதிக் குடுங்க. மேலிடத்துல கேக்காம ஒரு கல்லைத் தொட மாட்டேன். இல்லன்னா இடிச்சிட்டு வேலையப் பாப்போம்."

நியாயமான மனிதர். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பொறியாளர் என்னைக் கை காட்டினார். "பயலுக்குத் தமிழ் எழுத்து நல்லா வரும். அளந்து படமும் போட்டுட்டு, கல்லு கில்லு இருந்தா படிச்சிட்டும் வந்துருவான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி வாழைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்து போய்ப் பார்த்தபோது, வழி தவறிவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் சைவப்பிள்ளை வீட்டுப் பையன். மாதா கோயில் என்றால் எனக்கு உயரமான கோபுரமும் உச்சியில் சிலுவையும் மணியும்தான். இங்கே இருந்தது ஆற்றங்கரை மண்டபம் மாதிரி ஒன்று. இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு கல்தூண்கள், குள்ளமாக, கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமனில். மேலே தட்டையாகக் கற்பலகைகள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்த தளம், அதிலிருந்து முளைத்த ஓர் ஆலங்கன்று. பீடம் இருந்த கிழக்குக் கோடியில் மட்டும் செங்கல் வளைவு. வெள்ளம் ஏறிய உயரம் வரைக்கும் நான்கு சுவரிலும் கோடு போட்டது போல வண்டல் கறை. தூணின் தலையில் நம் கோயில்களில் தொங்குமே தாமரை மொட்டு, அதே மொட்டு. ஆனால் மொட்டுக்கு மேலே ஒரு சிலுவை. செதுக்கிய ஆசாரிக்குச் சிலுவை புதிது, மொட்டு பழகினது என்பது பார்த்தாலே தெரியும். சிலுவை கொஞ்சம் கோணல். மொட்டில் ஒரு பிசகு கிடையாது.

அருளாயி அக்கா சாவியோடு காத்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். அவளுடைய அப்பா அந்தக் கோயிலின் கடைசிக் கோயில்பிள்ளை. மணியடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, பூசைக்குச் சாமியாருக்கு உடுப்பு எடுத்து வைப்பது எல்லாம் கோயில்பிள்ளையின் வேலை. அவர் இறந்து, பூசையும் நின்றுபோன பிறகும் அக்கா சனிக்கிழமைதோறும் வந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். "யாரும் வராத எடத்த எதுக்குக்கா பெருக்குதிய?" என்று கேட்டேன். "வௌவாலு வருதுல்லா?" என்றாள்.

எனக்கு டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. அக்காவே பிடித்தாள். இரண்டு முறை சொல்லிக் கொடுத்ததும் பிடிபட்டுவிட்டது. நான் நகர நகர, "எங்கன புடிக்கணும் தம்பி?" என்று கேட்டு, சொன்ன இடத்தில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். டேப் ஒரு தடவைகூடத் தொய்யவில்லை. நான்தான் அவசரக்காரன். எல்லா அளவையும் தெற்கு வாசலில் இருந்தே எடுத்தேன். கட்டடமே போனாலும் இடம் தெரியும்படி அந்த வாசலையும் சாலையோரக் கல்லோடோ சுற்றுச்சுவரோடோ சேர்த்து அளந்து வைக்கவேண்டும் என்பது தொழிலின் பால பாடம். வெயில் ஏறிவிட்டது, ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், விட்டுவிட்டேன்.

நடுவில் அக்கா என்னை ஒரு தூணுக்குக் கூட்டிப் போனாள். "எங்க சம்மனசப் பாருங்க" என்றாள். சம்மனசு என்றால் வானதூதர். இறக்கை முளைத்த ஒரு பெண் உருவம். காதைப் பார்த்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். தோள் வரைக்கும் தொங்குகிற பாம்படம்! அந்த ஆசாரி தன் வீட்டுப் பெண்களைப் பார்த்துத்தானே செதுக்கியிருப்பான். "மோட்சத்துல எங்கூர்க்காரி ஒருத்தி இருக்கான்னு எங்கய்யா சொல்லுவாவ" என்றாள் அக்கா. அய்யா என்று அவள் சொன்னது தன் அப்பாவை.

அந்த அய்யாவின் குழியையும் காட்டினாள். தெற்கு வாசலுக்கு வெளியே, சுவருக்குப் பக்கத்தில், தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை மட்டும். கல் வைக்கவில்லை. கோயில்பிள்ளையாக இருந்ததால் அவருக்கு அங்கே இடம் கொடுத்திருந்தார்கள். "கோயிலு நின்னா இதுவும் நிக்கும். கோயில எடுத்தா இதையும் நெரவிருவாவ" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அதையும் வாசலிலிருந்து அளந்து, நோட்டில் ஒரு சின்னச் சிலுவை போட்டு, பதினோரு அடி என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு வாசலுக்கு நேரே நின்று மேலே கை காட்டினாள்.

"இதாம் தம்பி. இங்கனதான் வருசம் போட்டிருக்கு."

"யாருக்கா சொன்னா?"

"எங்கய்யா. கோயில் கட்டுன வருசம் வாசல்ல இருக்குன்னு சின்னதுல இருந்தே சொல்லுவாவ."

ஏணி வைத்து ஏறினேன். வாசலின் மேல்கல். இடது ஓரம் பொரிந்து உதிர்ந்திருந்தது. தேங்காய் நாரால் தேய்த்ததும் எழுத்து தெளிந்தது. அ. பிறகு ஒரு கொடிச் சுருள். எ. பிறகு வால் முறுக்கிய இன்னொரு சுருள். க. அவ்வளவுதான். சுருள் இரண்டும் அலங்காரம் என்று முடிவு கட்ட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று எழுத்து, மூன்று இனிஷியல். காதிலிருந்த பென்சிலை எடுத்து அப்படியே வரைந்துகொண்டேன்.

"அக்கா, இது எழுத்துல்லா. யாரோ பேரச் செதுக்கி வச்சிருக்கான். வருசம்னா நம்பரு இருக்கும்."

"எங்கய்யா பொய் சொல்ல மாட்டாவளே."

"அவருக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"பொறவு?"

நண்பரே, அந்த ஒற்றைச் சொல் இருக்கிறதே, 'பொறவு?' என்றது. புருவத்தை வேறு தூக்கினேன். ஏணியின் ஆறாவது படியில் நின்றுகொண்டு கீழே பார்த்துக் கேட்டேன். முப்பது வருடத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ தப்பாகப் பேசியிருக்கிறேன். இது ஒன்று போதும் எனக்கு, தூக்கத்தில் புரண்டு படுக்க.

அக்கா கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க படிச்சவிய. பாத்துதான சொல்லுதிய" என்றாள். பிறகு டேப்பில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சுருட்டிக் கொடுத்தாள்.

அறிக்கையில் எழுதினேன்: 'தெற்கு வாசல் மேற்கல்லில் தனிநபரின் பெயரெழுத்துகள் மட்டும் உள்ளன. ஆண்டு எதுவும் காணப்படவில்லை.' கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. சாமியார் படித்துவிட்டு, "அ, எ, க அப்படின்னா யாரா இருக்கும்?" என்று யோசித்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அந்தோணி எஸ்தாக்கி கஸ்பார்னு யாராவது இருந்திருப்பாரு சாமி" என்று அளந்துவிட்டேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். தமாஷுக்குச் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு பெரிய மனிதர் நம் வாயிலிருந்து வருவதை எழுதிக்கொள்கிறார் என்கிற சுகம் விடவில்லை.

கோயிலை இடித்தபோது நான் போகவில்லை. அளந்து கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது. தூண்களை உடைத்து மண்டபத்தின் அஸ்திவாரத்தில் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பாம்படம் போட்ட சம்மனசும் அதில் ஒரு மூலையில் கிடக்கிறாள்.

சில வருடம் கழித்து, கூட வேலை பார்த்த ஒருவர் வீட்டுக் கல்யாணம் அதே மண்டபத்தில் நடந்தது. போனால், வாசலில் பளிங்குக் கல். பழைய ஆலயத்தை எழுப்பிய பெரியவர் அந்தோணி எஸ்தாக்கி கஸ்பார் அவர்களின் நினைவாக என்று பொன் எழுத்து. எஸ்தாக்கி எங்கள் முப்பாட்டன்தான் என்று ஒரு குடும்பம் வந்து நின்றதாம், கல்லையும் அவர்களே செய்து கொடுத்தார்களாம். அன்றைக்கு எனக்குக் கூச்சம் வந்திருந்தால் மனுசன் என்று சொல்லலாம். பெருமை வந்தது! பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், "அந்தப் பேரக் கண்டுபிடிச்சதே நான்தான் அண்ணாச்சி" என்றேன். பாயசம் இரண்டு தடவை வாங்கினேன். சாப்பாட்டுக் கூடத்தின் தரை மட்டம் பிசகாமல் போட்டிருக்கிறார்கள் என்று தொழில் தெரிந்தவனாக ஒரு பாராட்டும் தெரிவித்துவிட்டு வந்தேன்.

இனி கடிகாரத்துக்கு வருகிறேன். பரணிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்து மகனிடம் நீட்டினேன். அவன் செல்போனில் தேடிப் பார்த்தான். கொடிச் சுருள் என்று நான் நினைத்தது நூறு. வால் முறுக்கியது பத்து. "எட்டு நூறு ஏழு பத்து ஒண்ணு. எண்ணூத்தி எழுபத்தொண்ணுப்பா" என்றான். மாதா கோயிலில் ஏது எண்ணூற்று எழுபத்தொன்று என்று ஒரு நிமிடம் திகைத்தேன். பிறகு எழுந்து போய் பீரோவிலிருந்து என் ஜாதக நோட்டை எடுத்தேன். முதல் வரியிலேயே இருந்தது, கொல்லம் ஆண்டு இன்னது என்று. எங்கள் பக்கத்து ஜாதகம் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும். கல்லின் உதிர்ந்த ஓரத்தில் இருந்த சொல்லும் அதுவாகத்தான் இருக்கவேண்டும். எண்ணூற்றிருபத்தைந்தைக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். கூட்டினேன். நான் ஏணியில் நின்று புருவத்தைத் தூக்கிய அன்றைக்கு அந்த வாசலுக்கு வயது ஏறக்குறைய முந்நூறு. எழுதப் படிக்கத் தெரியாத கோயில்பிள்ளை சொன்னது சரி. தமிழ் எழுத்து நன்றாக வரும் என்று அனுப்பப்பட்டவன் சொன்னது தப்பு. மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அருளாயி அக்கா இருக்கிறாள். எழுபதைத் தாண்டிவிட்டாள். மண்டபத்துக்குப் பின்தெருவில் மகள் வீடு. என்னை அடையாளம் தெரியவில்லை. பழைய கோயிலைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்து, தூண் தூணாகச் சொன்னாள். பாம்படத்தையும் விடவில்லை. வருசம் எழுதியிருந்ததாமே என்று நானே மெல்ல எடுத்துக் கொடுத்தேன். மலர்ச்சி போய்விட்டது.

"இல்லய்யா. அது பொய்யி. கோயில இடிக்க முன்ன டவுண்ல இருந்து ஒரு தம்பி வந்தாவ. நல்ல தம்பி. ஏணில ஏறித் தேய்ச்சுப் பாத்துட்டுத்தான் இல்லன்னாவ. எங்கய்யாதான் எங்கிட்டப் பொய் சொல்லிருக்காவ. குழியெல்லாம் நெரவப் போறோம், எலும்ப எடுத்துப் புதுக் கல்லறையில வைக்கதுக்கு வாங்கன்னு ஊர்ல கூப்புட்டாவ. மத்தவிய போனாவ. நான் போகல. எங்கய்யா இப்ப அந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அடியிலதான் எங்கயோ கெடக்காவ. கோவம். ஒரு பொய்யச் சொல்லிக் குடுத்து, படிச்ச ஆளுக்கு முன்னால என்னைய வெக்கப்பட வச்சிட்டாவளேன்னு கோவம்."

உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியோடு மண்ணுக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு. "அக்கா, அந்தத் தம்பி நான்தான்" என்றேன். "உங்கய்யா சொன்னது நெசம். எனக்குத்தான் வாசிக்கத் தெரியல." நோட்டைத் திறந்து காட்டினேன். அ என்பது எட்டு, எ என்பது ஏழு, க என்பது ஒன்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. விரலை ஒவ்வொரு எழுத்தின்மேலும் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள்.

"எங்கய்யாட்ட ஒரு வார்த்த சொல்லணுமே" என்றாள். பிறகு நோட்டில் இருந்த சின்னச் சிலுவையைப் பார்த்துவிட்டாள். "இது எங்கய்யா குழியா?"

"ஆமாக்கா. வாசல்ல இருந்து பதினோரு அடி."

"அளவு இருக்கா! அப்ப வாங்க, அளந்து பாத்துருவோம்."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் எழுந்துவிட்டாள். முழங்கால் வலியோடு பைய நடந்து, பின்வாசல் வழியாக மண்டபத்துக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று விசேஷம் எதுவும் இல்லை. சாப்பாட்டுக் கூடம் காலியாக இருந்தது, நீளநீளமான மேசைகளை மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். நான் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிய கூடம். தரை இப்போதும் மட்டம் பிசகாமல்தான் இருக்கிறது. பழக்கதோஷத்தில் என் பையில் எப்போதும் ஒரு டேப் கிடக்கும். எடுத்தேன். அக்கா அதன் முனையை வாங்கி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூடத்துக்கு நடுவே குனிந்து நின்றாள்.

"எங்கன புடிக்கணும் தம்பி?" என்றாள்.

தெற்கு வாசல் எங்கே இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.